எபிரெயர் நிருபத்தின் ‘எயிஸ் தொ தியேனெக்கெஸ்’: ‘என்றென்றைக்கும்’ என்பதா, ‘இடைவிடாமல்’ என்பதா?

வேதவாசகன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் எபிரெயருக்கு எழுதின நிருபத்தை அதிகாரம் அதிகாரமாகப் படித்துவருகிறோம். பத்தாம் அதிகாரத்தை ஆயத்தப்படுத்தும்போது எழுந்த ஒரு கேள்வியை, கிரேக்கம் கற்றவர்கள் இங்கே பலர் இருப்பதால், உங்கள்முன் வைக்கிறேன்.

‘எயிஸ் தொ தியேனெக்கெஸ்’ என்னும் சொற்றொடர் புதிய ஏற்பாட்டில் நான்கே இடங்களில் வருகிறது. நான்கும் இந்த ஒரே நிருபத்தில் உள்ளன (7:3, 10:1, 10:12, 10:14). நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஆபிரகாமை எதிர்கொண்டு ஆசீர்வதித்த ஆசாரியனான மெல்கிசேதேக்கைப் பற்றிய 7:3இலும், கிறிஸ்துவைப் பற்றிய 10:12, 10:14 ஆகிய வசனங்களிலும் ‘என்றென்றைக்கும்’ என்று இருக்கிறது. ஆனால் நியாயப்பிரமாணத்தின் பலிகளைப் பற்றிய 10:1இல் மட்டும் ‘வருஷந்தோறும் இடைவிடாமல் செலுத்தப்பட்டுவருகிற’ என்று இருக்கிறது. ஒரே ஆசிரியர், ஒரே அதிகாரத்துக்குள், ஒரே சொற்றொடரை எழுதியிருக்க, தமிழில் இரண்டு சொற்கள் வரக் காரணம் என்ன? ‘என்றென்றைக்கும்’ என்பதே சரியான பொருளானால், அந்தப் பலிகளும் என்றென்றைக்கும் செலுத்தப்படுபவை என்றாகி, கிறிஸ்துவின் ஒரே பலியோடு அவை முடிந்தன என்னும் நிருபத்தின் வாதமே தலைகீழாகிவிடுமே. மாறாக ‘இடைவிடாமல்’ என்பதுதான் சரியானால், கிறிஸ்துவின் ஆசாரியத்துவத்துக்கு முடிவில்லை என்பதை இந்தச் சொல் சொல்லவில்லையா? வகுப்பில் இதைக் கேட்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். மேலோட்டமான பதிலைச் சொல்லி அவர்களை அமர்த்த எனக்கு மனமில்லை.

கொய்னே மாணவி

ஐயா, நீங்கள் கவனித்திருக்கும் வேறுபாடு மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவால் வந்ததன்று. லத்தீன் வேதாகமமாகிய உல்காத்தாவிலும் இதே தடுமாற்றம் இருக்கிறது. அங்கே 7:3இல் ‘இன் பெர்பெத்துவும்’ என்றும், 10:12, 10:14 ஆகியவற்றில் ‘இன் செம்பிதெர்னும்’ என்றும் (இரண்டும் ‘என்றென்றைக்கும்’ என்னும் பொருளுடையவை), 10:1இல் மட்டும் ‘இந்தேசினெந்தெர்’, அதாவது ‘ஓயாமல்’ என்றும் உள்ளது. பல நூற்றாண்டுகள் இடைவெளியில், வெவ்வேறு மொழிகளில் வேலை செய்தவர்கள் அதே வசனத்தில் அதே விதமாக விலகியிருக்கிறார்கள் என்றால், அந்த வசனம் அவர்களை அவ்வாறு விலகும்படி நெருக்கியிருக்கிறது என்றுதான் கொள்ளவேண்டும்.

‘தியேனெக்கெஸ்’ என்பதில் ‘தியா’ என்னும் முன்னொட்டும், ‘சுமத்தல், கொண்டுசெல்லுதல்’ என்னும் பொருளுடைய ‘எனெங்கெயின்’ என்பதன் வேரும் சேர்ந்திருக்கின்றன. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடுவில் இறக்கிவைக்காமல் கொண்டுபோவதே அடிப்படைக் கருத்து. பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியங்களில் இந்தச் சொல் பெரும்பாலும் காலத்தைப் பற்றியதாகவே இல்லை. ஹெக்டரோடு தனித்துப் போரிட்டுத் திரும்பிய அயாசுக்கு அகமெம்னான், மாட்டின் முதுகிறைச்சியை நீளவாக்கில் துண்டிக்காமல் எடுத்துக் கொடுத்துக் கனப்படுத்துகிறான். அந்த நீண்ட இறைச்சிக்கு வரும் அடைமொழி இதுதான். பிச்சைக்காரன் வேடத்தில் இருக்கும் ஒதிசேயுஸ் தன்னை ஏளனம் செய்த எவுரிமாகோசிடம், ஏர் பூட்டி உழுதால் தான் எத்தகைய அறாத சால் ஓட்டுவான் என்பதை அவன் கண்ணாலேயே காணலாம் என்று சவால் விடுகிறான். அந்த உழவுசாலுக்கும் இதே அடைமொழி வருகிறது. அவனே அரசி அரேத்தேயிடம், தன் துன்பங்களை முதலிலிருந்து கடைசிவரை தொடர்ச்சியாகச் சொல்லுதல் கடினம் என்னும்போது, அதே சொல்லின் வினையடை வடிவம் வருகிறது.

இறைச்சிக்கும் உழவுசாலுக்கும் கதைக்கும் முடிவு உண்டு. முடிவின்மையைச் சொல்வதற்காக இந்தச் சொல் அங்கே வரவில்லை. நடுவில் அறுபடாமையைச் சொல்வதற்காகவே வருகிறது. எவ்வளவு தூரம், எவ்வளவு காலம் என்பதை எதைப் பற்றிப் பேசுகிறோமோ அந்தப் பொருளே தீர்மானிக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு 10:1ஐ மறுபடி படித்துப் பாருங்கள். பாவநிவிர்த்தி நாளின் பலி வருஷத்தில் ஒருமுறை நிகழ்வது. ‘வருஷந்தோறும்’ என்னும் சொல்லும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. ஆகவே இங்கே வேண்டிய பொருள், ஒரு வருஷமும் தவறாத வரிசை என்பதே. அதே அறுபடாமையைக் கிறிஸ்துவுக்குச் சொல்லும்போது, அவருடைய ஜீவனுக்கு முடிவில்லாததால், அறுபடாத நிலை முடிவில்லாத நிலையாகவும் ஆகிறது. அந்த முடிவின்மை அவரிடமிருந்து வருகிறது, இந்தச் சொல்லிலிருந்து அல்ல என்பதே என் கருத்து.

எருசலேம் வழிப்போக்கன்

சகோதரி கொடுத்த விவரங்களுக்கு நன்றி. எனினும் இரண்டு காரணங்களால் என்னால் முழுமையாக ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலாவது, ஒரு சொல்லின் பிறப்பைக் கொண்டு அதன் பொருளை முடிவு செய்வது வேதவிளக்கத்தில் அடிக்கடி நேரும் தவறு. ஹோமருக்கும் எபிரெயர் நிருபத்துக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் இருக்கின்றன. காவியத்தில் இறைச்சியையும் உழவுசாலையும் குறித்த சொல், முதல் நூற்றாண்டின் பொதுக் கிரேக்கத்தில் ‘எயிஸ் தொ’ என்பதோடு சேர்ந்து உறைந்துபோன ஒரு காலத்தொடராகிவிட்டது. அந்தக் காலத்தவர்கள் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் நமக்குச் சான்றாகவேண்டும்.

இரண்டாவது, 7:3இல் இந்தச் சொற்றொடருக்கு முன்பாகவே, நாட்களின் துவக்கமும் ஜீவனின் முடிவும் இல்லாதவன் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியர் தாமே முடிவின்மையைப் பக்கத்தில் வைத்திருக்கும்போது, சொல்லை அதிலிருந்து பிரித்து ‘அறுபடாமை மட்டுமே’ என்று குறைப்பது எப்படிப் பொருந்தும்? மெல்கிசேதேக்கு இன்றும் ஆசாரியனாக நிலைத்திருக்கிறான் என்பதே வசனத்தின் நேர்ப்பொருள். என்னைப் பொறுத்தவரை, ஆபிரகாமுக்கு எதிர்கொண்டு வந்தவர் மனித உருவில் தோன்றிய கிறிஸ்துவே.

பழைய ஏடு

வழிப்போக்கன் ஐயாவின் முதல் காரணம் நியாயமானது. ஆகவே அவர் கேட்டபடியே, நிருபத்தின் காலத்தை ஒட்டிய சான்றுகளுக்கு வருவோம். அவற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது ரோம அரசியலிலிருந்து வருகிறது.

இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் ரோமரின் உள்நாட்டுப் போர்களை எழுதிய அப்பியான், யூலியுஸ் சீசர் சர்வாதிகாரியாக நியமிக்கப்பட்டதைச் சொல்லும்போது இதே சொற்றொடரைப் பயன்படுத்துகிறார். லத்தீனில் அந்தப் பட்டம் ‘திக்தாத்தோர் பெர்பெத்துவோ’. அது பொறிக்கப்பட்ட நாணயங்கள் இன்றும் கிடைக்கின்றன. பழைய ரோம வழக்கப்படி சர்வாதிகாரி என்பவர் ஒரு நெருக்கடிக்காக, மிஞ்சிப்போனால் ஆறு மாதத்துக்கு, நியமிக்கப்படுபவர். சீசரின் நியமனத்தில் அந்தத் தவணை நீக்கப்பட்டது. மறு நியமனம் என்பதே இனித் தேவைப்படாது என்பதுதான் அதன் சட்டப்பொருள். கி.மு. 44ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தப் பட்டத்தை ஏற்றவர் அதே ஆண்டு மார்ச் 15ஆம் நாளில் கொல்லப்பட்டார். பட்டத்தைக் கொடுத்த ஆட்சிமன்றத்தார் எவரும் சீசர் சாகமாட்டார் என்று நினைத்துக் கொடுக்கவில்லை. தவணை இல்லை, இடைவெளி இல்லை, வேறொருவர் முறை வைத்து வந்து அமர்வதில்லை என்பதையே அந்தச் சொல் உறுதி செய்தது.

இன்னும் இரண்டு சான்றுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்தர் நூலின் கிரேக்கச் சேர்க்கையில், ஆமானின் கட்டளைக்கடிதம் யூதர்களை அரசர்களின் ஆணைகளைத் தொடர்ந்து புறக்கணிக்கிறவர்கள் என்று குற்றம்சாட்டுகிறது. அங்கே வருவது ‘தியேனெக்கோஸ்’ என்னும் வினையடை. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரிச் சபையிலிருந்து கொரிந்துச் சபைக்கு எழுதப்பட்ட கிளெமெந்தின் கடிதம், வரப்போகும் உயிர்த்தெழுதலை ஆண்டவர் நமக்குத் தொடர்ந்து காட்டிவருகிறார் என்று கூறி, இரவு நீங்கிப் பகல் வருவதையும் விதை மண்ணில் விழுந்து முளைப்பதையும் எடுத்துக்காட்டுகிறது (24ஆம் அதிகாரம்). எபிரெயர் நிருபத்தை நன்கு அறிந்த அந்தக் கடிதத்திலேயே, ஒவ்வொரு நாளும் தவறாமல் திரும்ப நிகழ்வதற்கு இந்தச் சொல் பொருந்தியிருக்கிறது. எபிரெயர் 10:1இல் ஒவ்வொரு வருஷமும் தவறாமல் திரும்ப நிகழும் பலிக்கு இது பொருந்துவதில் வியப்பில்லை.

இலக்கியம் அறிந்தவர்களுக்காக ஒரு சிறு சேர்க்கை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் கவிஞர் கல்லிமாகோஸ், பல்லாயிரம் வரிகளில் ஒரே அறாத பாடலைத் தாம் பாடவில்லை என்று பொறாமைக்காரர்கள் குறைகூறுவதாக எழுதினார். ‘அறாத பாடல்’ என்பதற்கு அவர் எழுதிய சொல் ‘தியேனெக்கெஸ்’. அதை மனத்தில் கொண்டே ரோமக் கவிஞர் ஒவீதியுஸ் தம் நெடுங்காவியத்தின் முகப்பில் ‘பெர்பெத்துவும்’ என்னும் லத்தீன் சொல்லைப் ‘பாடல்’ என்பதற்கு அடைமொழியாக வைத்தார் என்பது அறிஞர் பலரின் கருத்து. லத்தீன் சொல்லுக்கும் முதற்பொருள் தொடர்ச்சிதான். நிரந்தரம் என்னும் பொருள் அதிலிருந்து விரிந்தது.

கொய்னே மாணவி

வழிப்போக்கன் ஐயாவின் இரண்டாவது காரணத்துக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

7:3இல் முடிவின்மை பேசப்படுகிறது என்பதை நானும் மறுக்கவில்லை. அது எந்தச் சொற்களால் பேசப்படுகிறது என்பதே கேள்வி. ‘ஜீவனின் முடிவில்லாதவன்’ என்று சொல்லி முடித்தபின், ‘ஆசாரியனாக நிலைத்திருக்கிறான்’ என்னும் வினையோடு நம் சொற்றொடர் வருகிறது. இரண்டும் ஒன்றையே சொல்லுகின்றன என்று கொள்ளலாம். அல்லது முதலாவது ஆளைப் பற்றியும் இரண்டாவது பதவியைப் பற்றியும் சொல்லுகின்றன என்று கொள்ளலாம். அதிகாரத்தின் போக்கு இரண்டாவதற்கே இசைகிறது. 7:23இல் லேவியின் ஆசாரியர்கள் அநேகராயிருக்கக் காரணம், மரணம் அவர்களை நிலைத்திருக்கவொட்டாமல் தடுத்தது என்று ஆசிரியர் சொல்லுகிறார். ஒருவர் சாக மற்றொருவர் அந்த இடத்துக்கு வருகிறார்; பதவி தொடர்கிறது, ஆனால் ஒவ்வொரு மரணத்திலும் அது அறுந்து மறுபடி முடியப்படுகிறது. மெல்கிசேதேக்கின் ஆசாரியத்துவத்தில் அந்த முடிச்சு இல்லை. ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்தில் அவனுக்கு முன்னோனும் சொல்லப்படவில்லை, பின்னோனும் சொல்லப்படவில்லை; பிறப்பும் இறப்பும் எழுதப்படவில்லை. வேதம் எழுதாமல் விட்டதையும் ஆசிரியர் தம் வாதத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார். அன்றைய யூத விளக்கமுறையில் அதற்கு இடமிருந்தது.

மெல்கிசேதேக்கு கிறிஸ்துவேதான் என்னும் கருத்தைப் பற்றி: அதே வசனம் அவனைத் ‘தேவனுடைய குமாரனுக்கு ஒப்பானவன்’ என்கிறது. கிரேக்கத்தில் அது ‘ஒப்பாக்கப்பட்டவன்’ என்னும் வடிவில் உள்ளது. ஒருவரை அவருக்கே ஒப்பாக்குவதாக எழுத மாட்டார்கள். மெல்கிசேதேக்கை அளவுக்கு மீறி உயர்த்திய ஒரு குழுவினரை நான்காம் நூற்றாண்டில் சபைப்பிதாவான எபிஃபானியுஸ் தம் நூலில் தனிப்பிரிவாகவே கண்டித்திருக்கிறார். சாக்கடலருகே உள்ள கும்ரானின் 11ஆம் குகையில் கிடைத்த ஓர் ஏட்டில் மெல்கிசேதேக்கு கடைசிக்கால நியாயத்தீர்ப்பை நடத்துகிற பரலோக நபராக வருகிறார் என்பதும் உண்மையே. ஆனால் எபிரெயர் நிருபம் அந்த வழியில் போகவில்லை. குமாரனே அளவுகோல், மெல்கிசேதேக்கு அந்த அளவுக்கு ஒப்பிடப்படுகிறவன்.

எருசலேம் வழிப்போக்கன்

மெல்கிசேதேக்கைப் பற்றிய என் நம்பிக்கையை இந்த ஒரு வினைவடிவம் அசைக்கவில்லை. 7:8இல் ‘பிழைத்திருக்கிறான் என்று சாட்சிபெற்றவன்’ என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். அது தனி இழைக்குரிய பொருள். ஆதலால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

சொல்லைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. 110ஆம் சங்கீதத்தில் ‘என்றென்றைக்கும்’ என்னும் பொருளில் வரும் ‘எயிஸ் தொன் அயோனா’ என்பதை ஆசிரியர் 5:6இலும் 7ஆம் அதிகாரத்திலும் பலமுறை எடுத்துப் பேசுகிறார். ‘தியேனெக்கெஸ்’ என்பது அதற்கு ஒரு மாற்றுச்சொல்லாக, நடையழகுக்காக வந்திருக்கக் கூடாதா? 7:28இல் குமாரன் ‘எயிஸ் தொன் அயோனா’ பூரணராக்கப்பட்டவர். 10:14இல் அவர் பரிசுத்தமாக்கப்படுகிறவர்களை ‘எயிஸ் தொ தியேனெக்கெஸ்’ பூரணப்படுத்தியிருக்கிறார். வினை இரண்டு இடத்திலும் ஒன்றே. அப்படியிருக்க, இரண்டு தொடர்களுக்கும் நடுவே கூர்மையான எல்லைக்கோடு போடுவது எவ்வளவு தூரம் நியாயம்?

பழைய ஏடு

இந்த இழையில் இதுவரை எழுந்த மறுப்புகளில் மிகவும் வலுவானது இதுதான் என்று கருதுகிறேன். 7:28ஐயும் 10:14ஐயும் அருகருகே வைத்துப் பார்க்கிற எவரும், இரண்டு தொடர்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். எல்லைக்கோடு கூர்மையானதன்று. ஆயினும் ஆசிரியர் மாற்றும் இடங்களில் ஒரு ஒழுங்கு தெரிகிறது.

‘அயோன்’ தொடர் சங்கீதத்தின் ஆணையோடு வந்த தொடர். தேவன் ஆணையிட்டார் என்பதைச் சொல்லும்போதெல்லாம் ஆசிரியர் அதைக் கைவிடவில்லை. ஆனால் அந்தத் தொடருக்கு ஒரு வரலாறு இருந்தது. எண்ணாகமம் 25:13இல் ஆரோனின் பேரனான பினெகாசின் சந்ததிக்கு வாக்களிக்கப்பட்ட ஆசாரியத்துவம் கிரேக்க மொழிபெயர்ப்பில் ‘அயோனியா’ (நித்திய) உடன்படிக்கை எனப்படுகிறது. யாத்திராகமம் 40:15இல் ஆரோனின் குமாரர்களின் அபிஷேகமும் ‘எயிஸ் தொன் அயோனா’ என்று சொல்லப்படுகிறது. 1 மக்கபேயர் 14:41 இன்னும் வியப்பானது. கி.மு. 140ஆம் ஆண்டில் யூதர்கள் சீமோனைத் தலைவனும் பிரதான ஆசாரியனுமாக ஏற்றபோது, ‘உண்மையுள்ள ஒரு தீர்க்கதரிசி எழும்பும்வரை என்றென்றைக்கும்’ என்று தீர்மானம் எழுதினார்கள். ‘என்றென்றைக்கும்’ என்பதும் ‘வரை’ என்பதும் ஒரே வாக்கியத்தில், ஒரே பதவிக்கு நிற்கின்றன.

ஆகவே லேவியின் வரிசையும் ‘அயோன்’ என்னும் சொல்லால் பேசப்பட்டே வந்தது. அந்த வரிசை மாற்றப்பட்டது என்று 7:12இல் வாதிடும் ஆசிரியருக்கு, காலத்தின் நீளத்தை மட்டும் சொன்னால் போதாது. இரண்டு ஆசாரியத்துவங்களும் எந்த விதத்தில் வேறுபடுகின்றன என்று காட்டவேண்டும். ஒன்று ஆளை மாற்றி மாற்றித் தொடர்வது. மற்றொன்று ஒருவரிலேயே அறாமல் தொடர்வது. அதைச் சொல்ல ‘தியேனெக்கெஸ்’ நேரான சொல்.

புதிய உறுப்பினர் 7

மன்னிக்கவும், குறுக்கிடுகிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மத்தேயு 25:46இன் ‘நித்திய ஆக்கினை’ என்பதும் முடிவில்லாதது அல்ல என்று ஆகிவிடுகிறதே? நான் பல நாட்களாக அப்படித்தான் நம்பிவருகிறேன். இந்த இழை அதற்கு ஆதாரமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கொய்னே மாணவி

எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். மத்தேயு 25:46இல் உள்ள சொல் ‘அயோனியொஸ்’. அதற்கு வேறு வேர், வேறு வரலாறு உண்டு. அந்த வசனத்தில் ஆக்கினைக்கும் ஜீவனுக்கும் ஒரே அடைமொழி வருவதால் எழும் கேள்விகளும் தனியானவை. ‘தியேனெக்கெஸ்’ என்பதைப் பற்றி இங்கே சொன்ன எதையும் அங்கே அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒரு சொல்லின் பொருளைப் பொறுமையாகத் தேடி, அந்த முடிவை வேறொரு சொல்லின்மேல் ஏற்றிவிடுவது, தேடுவதற்காகச் செய்த உழைப்பையே வீணாக்கும்.

‘நித்தியம்’ என்னும் நம் சொல்லைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லவேண்டும், ஏனெனில் வேதவாசகன் ஐயாவின் வகுப்புக்கு அது உதவும். எண்ணாகமம் 28:6இல் காலையும் மாலையும் செலுத்தப்படும் பலிக்குத் தமிழ் வேதாகமத்தில் ‘நித்திய சர்வாங்க தகனபலி’ என்று பெயர். எபிரெயத்தில் அது ‘தாமீத்’. தினந்தோறும் தவறாமல் நடப்பதையும் ‘நித்தியம்’ என்கிறோம், முடிவில்லாததையும் ‘நித்தியம்’ என்கிறோம். ‘நித்திய கண்டம் பூரண ஆயுசு’ என்னும் பழமொழியைக் கேட்கிற எவரும் அங்கே ‘நித்திய’ என்பதை முடிவில்லாத என்று பொருள்கொள்வதில்லை. தினப்படித் தொடர்ச்சியும் முடிவின்மையும் ஒரே சொல்லில் குடியிருப்பது தமிழ்க் காதுக்குப் புதிதன்று. ஆகவே கிரேக்கச் சொல் அவ்வாறு இருப்பதை விளங்கவைக்க நீங்கள் அதிகம் பாடுபட வேண்டியிருக்காது.

வேதவாசகன்

எல்லாருக்கும் நன்றி. 10:1 எனக்குத் தெளிவாகிறது. இப்போது 10:12இல் வேறொரு சிக்கல் தென்படுகிறது. நம் மொழிபெயர்ப்பு, ‘ஒரே பலியைச் செலுத்தி, என்றென்றைக்கும் தேவனுடைய வலதுபாரிசத்தில் உட்கார்ந்து’ என்கிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்போ, என்றென்றைக்குமான ஒரே பலியைச் செலுத்தி, பிறகு உட்கார்ந்தார் என்று பொருள்படும்படி காற்புள்ளியைத் தள்ளிவைத்திருக்கிறது. எது சரி?

எருசலேம் வழிப்போக்கன்

இங்கே நான் ஆங்கில மொழிபெயர்ப்பின் பக்கம் நிற்கிறேன். ஆதிக் கையெழுத்துப் பிரதிகளில் நிறுத்தக்குறிகள் இன்று நாம் பயன்படுத்துவதுபோல் இல்லாததால், சொல்வரிசையையே பார்க்கவேண்டும். ‘எயிஸ் தொ தியேனெக்கெஸ்’ என்பது ‘பலி’ என்பதற்கும் ‘உட்கார்ந்தார்’ என்பதற்கும் நடுவில் நிற்கிறது. மற்ற மூன்று இடங்களிலும் இந்தத் தொடர் தான் தழுவும் வினைக்குப் பின்னால் வருகிறது: நிலைத்திருக்கிறான், செலுத்துகிறார்கள், பூரணப்படுத்தியிருக்கிறார் என்பவற்றுக்குப் பின்னால். அந்த வழக்கத்தின்படி இங்கேயும் முன்னால் இருக்கும் ‘செலுத்தி’ என்பதோடுதான் சேரவேண்டும். பொருளும் நிறைவாக இருக்கிறது: வருஷந்தோறும் செலுத்தப்பட்ட பல பலிகளுக்கு எதிரே, என்றைக்கும் செல்லுபடியாகும் ஒரே பலி.

மேலும், ‘உட்கார்ந்தார்’ என்பதோடு சேர்த்தால் அடுத்த வசனம் இடறுகிறது. ‘இனித் தமது சத்துருக்களைத் தமது பாதபடியாக்கிப்போடும்வரைக்கும்’ என்று 10:13 சொல்லுகிறதே; என்றென்றைக்கும் உட்கார்ந்தவர் ஒரு எல்லைவரைக்கும் காத்திருப்பதாகச் சொல்வது எப்படி?

கொய்னே மாணவி

ஐயா காட்டிய சொல்வரிசை வழக்கம் கவனிக்கத்தக்கது. அதை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆனாலும் நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்த வழியே சரி என்று நான் கருதுவதற்கு 10:11தான் காரணம். ‘எந்த ஆசாரியனும் நாடோறும் ஆராதனை செய்கிறவனாய்’ நிற்கிறான் என்று அந்த வசனம் தொடங்குகிறது. ஆசரிப்புக்கூடாரத்தின் பணிமுட்டுகளில் நாற்காலி என்று ஒன்று சொல்லப்படவே இல்லை. பலி முடியாததால் ஆசாரியன் நிற்கிறான். இன்று முடித்தாலும் நாளை மறுபடி எழுந்து நிற்கவேண்டும். அதற்கு எதிரே 10:12 உட்காருதலை வைக்கிறது. ‘நாடோறும் நிற்கிறான்’ என்பதற்கு எதிரிணையாக வெறும் ‘உட்கார்ந்தார்’ போதாது. ‘நாடோறும்’ என்பதற்கு ஈடான ஒரு காலச்சொல் இந்தப் பக்கத்திலும் வேண்டும். அந்த இடத்தில்தான் நம் சொற்றொடர் நிற்கிறது. பலியின் பக்கத்திலோ ‘ஒரே’ என்னும் எண் ஏற்கெனவே இருக்கிறது.

‘வரைக்கும்’ என்பதைப் பற்றிய கேள்விக்கு, இந்தச் சொல்லின் இயல்பே விடை தருகிறது. முடிவில்லாத காலம் என்னும் பொருளை மட்டும் அதற்குக் கொடுத்தால் அது ‘வரைக்கும்’ என்பதோடு மோதும். நடுவில் எழுந்திராமல் என்னும் பொருளைக் கொடுத்தால் மோதாது. சத்துருக்கள் பாதபடியாகும் நாள்வரையிலும் அவர் மறுபடி எழுந்து இன்னொரு பலியைச் செலுத்தவேண்டிய தேவை ஒருமுறையும் எழாது. அந்த நாளுக்குப் பின் அவருடைய ஆட்சி என்ன ஆகும் என்பதை இந்தத் தொடர் பேசவில்லை. 1 மக்கபேயரில் பழைய ஏடு அவர்கள் காட்டிய ‘என்றென்றைக்கும்’, ‘வரை’ ஆகிய சொற்களின் சேர்க்கையும் இதற்குத் துணைநிற்கிறது.

செவிக்கு இனிமையான ஒன்றையும் சொல்ல ஆசைப்படுகிறேன். 10:12இல் ‘செலுத்தி’ என்பதற்குள்ள கிரேக்கச் சொல் ‘ப்ரொசெனெங்காஸ்’. ‘தியேனெக்கெஸ்’ என்பதில் உள்ள அதே வேர்தான் அதிலும் இருக்கிறது. ஓசைநயத்தில் ஆசிரியருக்கு இருந்த விருப்பம் நிருபத்தின் முதல் வரியிலேயே, ‘ப’ ஓசையில் தொடங்கும் ஐந்து சொற்களில் தெரிகிறது. அவர் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் வைத்தது தற்செயலாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எருசலேம் வழிப்போக்கன்

10:11இன் நிற்றலையும் 10:12இன் உட்காருதலையும் எதிரெதிரே வைத்த விதம் அழகானது. ஆனாலும் சொல்வரிசை எனக்கு இன்னும் ‘செலுத்தி’ என்பதையே காட்டுகிறது. இந்த ஒரு காற்புள்ளியில் நாம் இருவரும் வேறுபட்டே இருப்போம்.

வேதவாசகன்

இன்னும் ஒன்று. 10:14ஐ வைத்து, ஒருமுறை இரட்சிக்கப்பட்டவர் அந்த இரட்சிப்பை ஒருபோதும் இழக்கமாட்டார் என்று எங்கள் வகுப்பில் சிலர் உறுதியாகச் சொல்லுகிறார்கள். ‘என்றென்றைக்கும் பூரணப்படுத்தியிருக்கிறார்’ என்பதே அவர்கள் ஆதாரம்.

பழைய ஏடு

அந்தக் கோட்பாடு சரியா தவறா என்பதை இந்தச் சொல்லைக் கொண்டு தீர்க்க முடியாது. வசனம் எதை வலியுறுத்துகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். ‘பூரணப்படுத்தியிருக்கிறார்’ என்பது நிறைவுற்று நிலைக்கும் செயலைக் காட்டும் வடிவம். ‘பரிசுத்தமாக்கப்படுகிறவர்களை’ என்பது நடந்துகொண்டிருக்கும் செயலைக் காட்டும் வடிவம். தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டையும் பிசகாமல் காத்திருக்கிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய பூரணம் அன்று, ஒரே பலியால் உண்டாகி இடையறாமல் நிற்கிற பூரணம் என்பதே 10:1க்கு எதிரே 10:14 நிற்பதன் பயன். அதாவது பலியின் போதுமை பேசப்படுகிறது. அந்தப் பலியைக் காலால் மிதிக்கிறவனுக்குரிய எச்சரிப்பு சில வசனங்களுக்குள் 10:26 முதல் 10:29 வரை வருகிறது. இரண்டையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது என்பதில் சபைகள் நெடுங்காலமாக வேறுபடுகின்றன. அந்த வேறுபாடு ‘தியேனெக்கெஸ்’ என்பதன் பொருளில் எழுந்ததன்று.

கொய்னே மாணவி

வகுப்பில் நேரம் குறைவாக இருக்குமானால், நான்கு வசனங்களையும் ‘இடையறாமல்’ என்னும் ஒரே சொல்லை வைத்து ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டுங்கள் ஐயா. மெல்கிசேதேக்கு இடையறாமல் ஆசாரியனாக நிலைத்திருக்கிறான். பலிகள் வருஷந்தோறும் இடையறாமல் செலுத்தப்படுகின்றன. கிறிஸ்து ஒரே பலியைச் செலுத்தி இடையறாமல் வீற்றிருக்கிறார். பரிசுத்தமாக்கப்படுகிறவர்களை அவர் இடையறாத பூரணத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். நான்கிலும் அந்தச் சொல் பொருந்துவதை அவர்கள் தாங்களே கேட்பார்கள். அதன்பின் ‘என்றென்றைக்கும்’ என்பதற்குத் திரும்பி, அந்த முடிவின்மைக்கு ஆசிரியர் தரும் ஆதாரத்தை 7:16இல் வாசியுங்கள்; ‘அழியாத ஜீவனுடைய வல்லமை’ என்று அங்கே எழுதியிருக்கிறது.

10:1இல் இந்தத் தொடரைப் ‘பூரணப்படுத்த’ என்பதோடு சேர்த்து, ‘ஒருக்காலும் நிலையாகப் பூரணப்படுத்தமாட்டாது’ என்று வாசிக்கிறவர்களும் உண்டு. இலக்கணம் அதற்கு இடம்கொடுக்கிறது. 10:14இன் சொற்களோடும் அது இணைகிறது. ஆனால் அப்படி வாசித்தால், நிலையற்ற ஒரு பூரணத்தையாவது அந்தப் பலிகள் தந்தன என்ற எண்ணம் எழும். மிருகங்களின் இரத்தம் பாவத்தை நிவிர்த்திசெய்யமாட்டாது என்னும் 10:4 அதற்கு இடம்கொடுக்கவில்லை என்பதால் ‘இடைவிடாமல் செலுத்தப்பட்டுவருகிற’ என்னும் நம் பழைய மொழிபெயர்ப்பையே நான் வைத்துக்கொள்கிறேன்.